வேளாண் வகுப்பெடுக்க வந்திருக்கும் இளைய ஆசிரியர்களுக்கு

1868இல் சைதாப்பேட்டையில் ஆரம்பித்த விவசாயப் பள்ளிதான் 1906இல் கோவைக்குப் போய், 1971இல் பல்கலைக்கழகமானது. அங்கே படித்து வருகிறவர்களில் பலர் அலுவலராகிறார்கள். ஆனால் நாளைக்குச் சேற்றில் இறங்கப்போவது உங்கள் மேல்நிலைப் பள்ளியில் தொழிற்கல்விப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை. அவனை மனத்தில் வைத்துச் சொல்கிறேன்.

1. பாடத்தைப் பருவத்தோடு ஓட்டுங்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது நம் பக்கம் சொர்ணவாரி வளர்ந்து நிற்கும். சம்பா நாற்றங்கால் அதற்குப் பிறகுதான். புத்தக வரிசையிலேயே போனால் அறுவடைக் காலத்தில் விதை நேர்த்தி நடத்திக்கொண்டிருப்பீர்கள். வரிசையை மாற்றத் தலைமையாசிரியரிடம் வாதாட வேண்டுமென்றால் வாதாடுங்கள்.

2. ஒரு பயிரையாவது முழுசாகக் காட்டுங்கள். ஐந்து சென்ட் போதும். பாதியில் வழக்கமான நடவு. மீதியில் திருந்திய நெல் சாகுபடி: பதினாலு நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, 25 செ.மீ. இடைவெளி. எதில் தூர் அதிகம் கட்டியது என்று பிள்ளைகளே எண்ணட்டும். எண்ணிப் பார்த்தவன் மறக்கமாட்டான்.

3. கணக்கு எழுத வையுங்கள். உழவு, நடவு, களை, உரம், வீட்டு ஆட்களின் உழைப்பு, எல்லாமே. நம் பாடத்திட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான் என்பேன். மகசூல் எடுக்கக் கற்றவன் நெல்லை விற்கும் இடத்தில் நஷ்டப்படுகிறான். கொள்முதல் நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற விதியை அங்கே, தன் நெல்லைக் கையில் வைத்துக்கொண்டு அவன் படிக்க வேண்டும்.

4. ஏரிக்கரையில் வகுப்பு நடத்துங்கள். மதகு எது, கலங்கல் எது, கடைமடைக்கு எப்போது தண்ணீர் போகும்? உத்திரமேரூர்க் கல்வெட்டை எல்லோரும் குடவோலைக்காகத்தான் காட்டுகிறார்கள். அதிலேயே ஏரி வாரியமும் இருக்கிறது. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஆள் தேர்ந்தெடுத்த ஊர் அது!

5. திருமுக்கூடல் பெருமாள் கோயிலுக்கும் கூட்டி வாருங்கள். வீரராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டில் பள்ளியும் மாணவர் விடுதியும் பதினைந்து படுக்கை மருத்துவமனையும் வருகின்றன. வைத்தியருக்குச் சம்பளத்தில் நெல்லும் உண்டு. கல்வியைச் சுமந்தது வயல். அதனால் "படிக்காவிட்டால் மாடு மேய்க்கத்தான் போவாய்" என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்லாதீர்கள்.

6. பெண்பிள்ளைகளிடம் பவர் டில்லரைக் கொடுங்கள். நாற்று நட மட்டும் கூப்பிடாதீர்கள்.

7. பள்ளிக்கு நிலம் இல்லையா? பக்கத்து விவசாயியிடம் சித்திரைக்கு முன்பே குத்தகை பேசிவிடுங்கள். கிணற்றுப் பாசனம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.