முற்றத்துப் புல்லை மீட்கும் முறை

தோட்டத்து வீடுகளில் நலிந்த முற்றங்களை இரண்டு தோற்றங்களில் காண்கிறோம். ஒன்று, நாள்தோறும் ஈர்க்குமாற்றால் பெருக்கப்பட்டு, ஒரு புல்லும் இல்லாத வெறுந்தரை. மற்றொன்று, கவனிப்பாரின்றி லாலானும் தொட்டாற்சிணுங்கியும் மண்டிய புதர். முதலாவதைத் தூய்மை என்றும் இரண்டாவதைச் சோம்பல் என்றும் கூறுவது நம் வழக்கம். ஆயினும் வெறுந்தரையே நாளடைவில் களைகளுக்கு இடமளிக்கிறது. இரண்டிற்கும் ஏற்ற மருந்து, தரையோடு படர்ந்த குட்டையான புல்லேயாகும்.

வெறுந்தரையின் கேடு

தீபகற்ப மலேசியாவில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 2,500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. வெறும் மண்மீது அறையும் மழைத்துளி மேல்மண்ணைச் சிதறடிக்கிறது. ஓடும் நீர் அதனை வாரிச் செல்கிறது. படிக்கட்டின் அடிமண் கரைகிறது, சாக்கடை அடைபடுகிறது, விளையாடும் குழந்தைகள் சேற்றில் வழுக்கி விழுகின்றனர்.

இவ்வுண்மைக்கு நம் தொழிலிலேயே சான்று உண்டு. 1900களின் தொடக்கத்தில், களையற்ற வெறுந்தரையே நல்ல இரப்பர்த் தோட்டத்திற்கு அடையாளமெனக் கருதப்பட்டது. சரிவுகளில் மேல்மண் கரைந்தோடியதைக் கண்ட பின்னரே, மர வரிசைகளுக்கிடையே பியூராரியா, சென்ட்ரோசிமா, கலப்பகோனியம் போன்ற கொடிகளை மூடுபயிராக வளர்க்கும் முறை பரவியது. மரத்தடி மண்ணுக்குப் போர்வை வேண்டுமெனில், வீட்டடி மண்ணுக்கும் அது வேண்டுமன்றோ?

முதற்பணி: துப்புரவு

புதரில் மறைந்து கிடக்கும் தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், தகர டப்பா, உடைந்த பால் மங்கு ஆகியவற்றை முதலில் அகற்றுதல் வேண்டும். இவற்றில் தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். ஏழு முதல் பத்து நாள்களுக்குள் முட்டை முழுக் கொசுவாகிவிடக்கூடும். டிங்கிக் காய்ச்சலைப் பரப்புவது இக்கொசுவே. தரையில் உள்ள பள்ளங்களை மண்ணிட்டு நிரப்பி, மழைநீர் வீட்டைவிட்டு விலகி ஓடுமாறு சிறு சரிவு அமைத்தல் நலம்.

இரண்டாம் பணி: களை நீக்கம்

லாலானின் வலிமை இலையில் இல்லை. மண்ணுக்கடியில் ஓடும் வேர்த்தண்டில் இருக்கிறது. மேலே வெட்டினாலும் தீயிட்டாலும் அது மீண்டும் தளிர்க்கும். மேலும், திறந்தவெளியில் எரிப்பதை 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் தடை செய்கிறது. மண்வெட்டியால் கொத்தித் துண்டாக்கினாலோ, ஒவ்வொரு துண்டும் புதுச்செடியாகக்கூடும். ஆதலின் மழை பெய்து மண் இளகிய மறுநாள், கவைமுள்ளால் மண்ணைப் பெயர்த்து, வேர்த்தண்டை முழுமையாக இழுத்து எடுத்து வெயிலில் காய வைக்கவேண்டும். தொட்டாற்சிணுங்கியைப் பூத்து விதை உதிர்க்குமுன் வேரோடு பிடுங்கிவிட வேண்டும்.

தோட்டத்துக் களைக்கொல்லியை வீட்டு முற்றத்திற்குக் கொண்டுவருதல் கூடாது. பாராகுவாட் என்னும் கொடிய நஞ்சு 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது. பழைய நஞ்சு எஞ்சியிருப்பின் அதைத் தொடாமல் நிர்வாகத்திடம் தெரிவிக்க வேண்டும். நஞ்சிருந்த கலன்களைக் கழுவி, தண்ணீர் பிடிக்கப் பயன்படுத்துவதும் பேராபத்தாகும்.

மூன்றாம் பணி: மண்ணுக்குக் காற்று

ஓயாமல் மிதிபட்ட மண் இறுகிவிடும், அதில் நீரும் காற்றும் புகா, வேரும் இறங்காது. எனவே கவைமுள்ளைப் பத்து சென்டிமீட்டர் ஆழம் ஊன்றி, சாண் இடைவெளியில் துளையிட்டு, மணலும் நன்கு மக்கிய எருவும் கலந்து துளைகளில் தூவவேண்டும். பசிய புல் ஆங்காங்கே எஞ்சியிருப்பின், முற்றம் முழுவதையும் கொத்திப் புரட்ட வேண்டுவதில்லை. எஞ்சிய புல்லே பரவிக்கொள்ளும்.

நான்காம் பணி: நடவு

நம் நாட்டில் 'கௌ கிராஸ்' என வழங்கும் அகன்ற இலைப்புல் இதற்கு ஏற்றது. புளிப்புத்தன்மை மிகுந்த நம் மண்ணையும், மரநிழலையும் ஓரளவு அது தாங்கும். ஆகவே சுண்ணாம்பை வாரி இறைக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று கணுக்களுள்ள தண்டுகளை ஒரு சாண் இடைவெளியில் நட்டு, வேர் பிடிக்கும்வரை காலையிலோ மாலையிலோ நீர் தெளிக்கவேண்டும். மழைக்காலமாயின் இரண்டு மூன்று திங்களில் வெற்றிடங்கள் மூடப்படும். அதுவரை அவ்விடத்தில் கால்படாமல் காப்பது அவசியம். நாள்தோறும் நடக்கும் வழியில் எந்தப் புல்லும் நிலையாது. அங்குக் கற்களைப் பதித்துவிடுதலே அறிவுடைமை.

வெட்டும் அளவு

புல்லை மொட்டையாக வெட்டினால் நெடுநாள் வெட்ட வேண்டியிராது என எண்ணுவோர் உளர். இலையே புல்லுக்கு உணவு சமைக்கும் அடுப்பு. அதனை அடியோடு நீக்கினால் வேர் நலியும். நலிந்த இடத்தில் களை புகும். ஒருமுறைக்கு உயரத்தில் மூன்றில் ஒரு பங்கிற்குமேல் வெட்டாமல், நான்கு அல்லது ஐந்து சென்டிமீட்டர் உயரம் விட்டுவைக்கவேண்டும். பாம்புக்கு அஞ்சி முற்றத்தை வெறுந்தரையாக்கும் குடும்பங்களும் உண்டு. பாம்பு மறைவது உயர்ந்த புதரிலும் குப்பைக் குவியலிலுமே. இவ்வளவு குட்டையான புல்லில் அதற்கு மறைவிடம் இல்லை.

இப்பணிகளுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. கவைமுள்ளும் சிறிது எருவும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மணி நேரமும் போதும். அண்டை வீட்டாரும் சேர்ந்து செய்வாராயின், வரிசை முழுவதும் மண் நிலைக்கும், கொசு குறையும், குழந்தைகளுக்கு விளையாட இடமும் கிடைக்கும். அடுத்த மழைக்கு முன் தொடங்குவோமாக!