சண்டை ஐந்து நாள், கப்பல் எல்லா நாளும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

திண்டிவனத்திலிருந்து மாமா எழுதுவது.

அக்கா போனில் விஷயத்தைச் சொன்னாள். கடற்படையில் அக்னிவீரராகத் தேர்வாகிவிட்டாய், விழுப்புரம் ஜங்ஷனில் ரயிலேறி ஒடிசா போய் ஐ.என்.எஸ். சில்காவில் சேரப்போகிறாய் என்றாள். பாதி பெருமை, பாதி அழுகை. நீ அனுப்பிய வீடியோக்களையும் பார்த்தேன். ஏவுகணை பறக்கிறது, வெள்ளைச் சீருடையில் வரிசையாக நிற்கிறார்கள், பின்னால் பாட்டு. என்ஜின் அறையில் எண்ணெய்த் துணியோடு உழைத்து ஓய்வு பெற்றவன் நான். அந்த வீடியோக்களில் என் இடத்தைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

நெடுநாள் போரில் ஒரு போர்க்கப்பலுக்குள் எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தாய். என் கதையைச் சொன்னால் பயனில்லை, நான் இருந்த காலத்தில் என் கப்பல் பயிற்சிக்குத் தவிர குண்டு போட்டதில்லை. நம் வாசலிலேயே நடந்த ஒரு கடற்போரைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு புதுச்சேரி கடற்கரைக்குப் போகிறாயே, அங்கே பிரெஞ்சுக்காரர் பகுதியில் சுஃப்ரேன் வீதி என்று ஒன்று உண்டு. அந்த ஆள் ஒரு பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி. தடித்த உடம்பு, உடையில் அக்கறை கிடையாது, கோபம் மட்டும் ஏராளம். எதிரில் நின்றவர் ஆங்கிலேயத் தளபதி எட்வர்ட் ஹியூஸ். இரண்டு பேரும் நம் கரையோரமாகவும் இலங்கைக் கரையோரமாகவும் ஐந்து முறை மோதினார்கள். 1782 பிப்ரவரி 17 சதுரங்கப்பட்டினம். ஏப்ரல் 12 இலங்கையின் கிழக்குக் கரை. ஜூலை 6 நாகப்பட்டினம். செப்டம்பர் 3 திருகோணமலை. 1783 ஜூன் 20 கடலூர்.

முதல் சண்டைக்கும் கடைசிச் சண்டைக்கும் இடையே ஏறத்தாழ 490 நாள். சண்டை நடந்தது ஐந்தே நாள், அதிலும் ஒவ்வொன்றும் சில மணி நேரம். மிச்ச நாளெல்லாம் அந்த ஆயிரக்கணக்கான பேர் கப்பலில் என்ன செய்தார்கள்? நீ கேட்க வேண்டிய கேள்வி இதுதான். வரலாற்றுப் புத்தகம் அந்த ஐந்து நாளுக்கு ஐம்பது பக்கம் ஒதுக்கும், மற்ற நாளை இரண்டு வரியில் தாண்டிப் போய்விடும்.

சுஃப்ரேனின் கப்பல் பெயர் எரோ. 74 பீரங்கி. நீளம் ஏறத்தாழ 55 மீட்டர், அதற்குள் 700 பேர் அளவில் ஆள். அந்தக் காலத்து ஆங்கிலேயக் கப்பலில் ஒரு மாலுமி தூங்குவதற்குத் தொங்குதூளி கட்ட ஒதுக்கிய அகலம் 14 அங்குலம். உன் அம்மாவின் முழங்கையிலிருந்து மணிக்கட்டு தாண்டிக் கொஞ்சம் வரும். பாதிப் பேர் எப்போதும் மேலே வேலையில் இருப்பார்கள் என்பதால் பக்கத்துத் தூளி காலியாக இருக்கும், அதனால்தான் மூச்சு விட முடிந்தது. பீரங்கிகளுக்கு நடுவே தூங்கி, பீரங்கிகளுக்கு நடுவே பலகை போட்டுச் சாப்பிட்டார்கள். உனக்கு மூன்றடுக்குப் படுக்கையும் ஒரு சின்ன அலமாரியும் கிடைக்கும். ராஜ வாழ்க்கை என்று நினைத்துக்கொள். ஆனால் நடு இரவு பன்னிரண்டிலிருந்து நாலு வரை வாட்ச் முடித்து வருகிறவன், தூங்குகிறவர்களுக்கு நடுவே விளக்கைப் போட்டு, அலமாரிக் கதவைப் படாரென்று சாத்துகிறானே, அவனைப் பற்றி இப்போதே எச்சரிக்கிறேன். அவனாக நீ இருக்காதே. கப்பலில் ஒருவனுக்குப் பெயர் வாங்கித் தருவதும் கெடுப்பதும் இதுபோன்ற விஷயம்தான், பதக்கம் அப்புறம்.

தண்ணீருக்கு வருகிறேன். மரப்பீப்பாயில் நிரப்பிய தண்ணீர் சில வாரத்தில் பச்சை பிடித்து நாறும். சோழமண்டலக் கரையில் அன்றைக்குக் கப்பல் ஒதுங்க ஒரு நல்ல துறைமுகம்கூடக் கிடையாது. கடலூர், புதுச்சேரி, சென்னை எல்லாமே திறந்த கடல், அலை உடையும் இடம். கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். நம் கரையாட்கள்தான் மசுலாப் படகில் போய்ப் பீப்பாயும் ஆளும் ஏற்றி இறக்குவார்கள். ஆணியே அடிக்காமல் பலகையைத் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்த படகு அது. அலை மோதினால் வளைந்து கொடுக்கும், உடையாது. ஐரோப்பியனின் கனமான படகு அந்த அலையில் பிளந்துபோகும். இரண்டு வல்லரசுகளின் கப்பற்படையும் குடிக்கத் தண்ணீருக்கு அந்தத் தையல் படகை நம்பி நின்றது. எனக்கு இதைப் படித்தபோது உள்ளூரக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

தண்ணீருக்கு அடுத்தது ஸ்கர்வி. காய்கறி, பழம் இல்லாமல் உப்புக் கறியும் பிஸ்கட்டும் மட்டுமே தின்றால் வருவது. ஈறு வீங்கி ரத்தம் கசியும், பல் ஆடும், எப்போதோ ஆறிய புண் மறுபடி திறந்துகொள்ளும். எலுமிச்சையும் ஆரஞ்சும் கொடுத்தால் தீருகிறது என்று ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் வைத்தியர் 1747-லேயே நோயாளிகளுக்குக் கொடுத்துக் காட்டிவிட்டார். ஆங்கிலேயக் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்க உத்தரவு போட்டது 1795-ல். நாற்பத்தெட்டு வருஷம்! இந்தப் போர் அந்த இடைவெளிக்குள் நடந்தது. 1783 ஜூனில் கடலூர் எதிரே ஹியூஸிடம் பெரிய போர்க்கப்பல் 18, சுஃப்ரேனிடம் 15. கணக்குப்படி ஹியூஸ்தான் ஜெயிக்க வேண்டும். ஆனால் அவருடைய கப்பல்களில் ஆயிரம் பேருக்கு மேல் ஸ்கர்வியில் படுத்துக் கிடந்தார்கள், தண்ணீரும் தீர்ந்துகொண்டிருந்தது. சண்டை முடிந்ததும் அவர் சென்னைக்குத் திரும்பிப் போனார். கடலூர் பிரெஞ்சுக்காரர் கையிலேயே இருந்தது. அங்கே வென்றது பீரங்கியா, ஈறா என்று நீயே சொல்.

அதனால் மாப்பிள்ளை, உடம்பு முடியவில்லை என்றால் மறைக்காதே. நம் பக்கத்துப் பையன்களுக்கு அது ஒரு வீம்பு. காய்ச்சலைச் சொன்னால் பலவீனன் என்று நினைப்பார்களோ என்று முழுங்கிக்கொண்டு இருப்பான், நாலாம் நாள் நாலு பேருக்குத் தொற்றிவிடும். வாந்தி வந்தாலும் அப்படித்தான். எல்லாருக்கும் வரும். வாளியைப் பிடித்துக்கொண்டே வாட்ச் பார்த்தவர்களை எனக்குத் தெரியும். காலி வயிற்றோடு மட்டும் இருக்காதே, காய்ந்த சப்பாத்தியாவது கடி.

ஒட்டுப்போடும் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும், என்னைப் போன்றவர்கள் வேலை அது. புதுச்சேரியை ஆங்கிலேயர் 1778-லேயே பிடித்துவிட்டார்கள். சுஃப்ரேனுக்குப் பழுதுபார்க்கக் கிடங்கு கிடையாது, பாய்மரத்துக்கு மரம் கிடையாது, கயிறு கிடையாது. எல்லாம் மொரீஷியஸில். அங்கே போனால் திரும்பி வரப் பல மாதம் ஆகும், அதற்குள் இந்தக் கடல் கைவிட்டுப் போய்விடும். அவர் போகவில்லை. நாகப்பட்டினச் சண்டையில் சிதைந்த கப்பல்களைக் கடலூர் எதிரே திறந்த கடலிலேயே நிறுத்தினார். சரக்குக் கப்பல், சின்னக் கப்பல்களின் பாய்மரத்தைக் கழற்றிப் பெரிய கப்பலில் நட்டார்கள். ஜூலை 6-ல் சண்டை, ஆகஸ்ட் 1-ல் மறுபடி பாய் விரித்தாகிவிட்டது. அந்த மாதக் கடைசியில் திருகோணமலையையே பிடித்தார். அடுத்த சண்டையில் எரோவின் நடுப்பாய்மரம் முறிந்து விழுந்தது. சில நாளில் ஓரியான் என்ற இன்னொரு கப்பல் பாறையில் தட்டி உடைந்தபோது, அதன் மரங்களைக் காப்பாற்றி எரோவுக்கு வைத்தார்கள். தச்சனும் கயிறு முறுக்குகிறவனும் பாய் தைக்கிறவனும் இல்லையென்றால் சுஃப்ரேன் பெயரில் வீதி இருந்திருக்காது. சில்காவில் எந்தப் பிரிவு கொடுத்தாலும் முகத்தைச் சுளிக்காதே. சமையல் பிரிவு கிடைத்தாலும் சரி.

இந்தக் கப்பல்கள் தின்ற சோறு எங்கிருந்து வந்தது என்று யோசித்தாயா? மைசூரை ஆண்ட ஹைதர் அலி பிரெஞ்சுக்காரருக்குக் கூட்டாளி. மாடும் தானியமும் அவர் பக்கமிருந்து வந்தன. அப்போது நம் சீமையில் குதிரைப்படை போன வழியெல்லாம் பயிர் எரிந்து, 1781-லிருந்து 83 வரை பஞ்சம். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் நம்ம பெருமுக்கல் மலைக்கோட்டை 1782 மே மாதம் ஹைதர், பிரெஞ்சுப் படைகளிடம் விழுந்தது. கடலில் நின்றவன் பட்டினி கிடந்தான் என்றால், அவனுக்கு உணவு அனுப்பிய ஊர் அதைவிடப் பட்டினி. கப்பலில் சோற்றைக் கொட்டும்போது இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள். மாமா பிரசங்கம் செய்கிறார் என்று சிரிக்காதே.

உன் வயசுப் பையன் ஒருவனைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. ஜேம்ஸ் ஸ்கரி, இங்கிலாந்தில் டெவன் பக்கத்துக்காரன், 1766-ல் பிறந்தவன். ஹானிபல் என்ற கப்பலில் சிறுவனாகச் சேர்ந்தான். 1782 ஜனவரியில் அதைப் பிரெஞ்சுக்காரர் பிடித்துவிட்டார்கள். மாதக்கணக்கில் அவர்கள் கப்பலிலேயே கைதி. தன் ஆட்களுக்கே சோறு போட முடியாத சுஃப்ரேன் கைதிகளுக்கு எங்கே போவார்? ஆங்கிலேயர் கைதி மாற்றிக்கொள்ள இசையவில்லை. அதனால் சுஃப்ரேன் நூற்றுக்கணக்கான பேரைக் கடலூரில் இறக்கி ஹைதரிடம் ஒப்படைத்துவிட்டார். ஸ்கரியைச் சிதம்பரத்துக்கு நடத்திப்போய், கடைசியில் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் அடைத்தார்கள். பத்து வருஷம் கழித்து வெளியே வந்தபோது நாற்காலியில் உட்காரவும் கத்தி முள்கரண்டி பிடிக்கவும் மறந்திருந்தான், சொந்த மொழியே திக்கித் திக்கித்தான் வந்தது. சுஃப்ரேனைப் பெரிய தளபதி என்று யாரும் மறுக்க முடியாது. திரும்பும் வழியில் நன்னம்பிக்கை முனையில் அவரோடு சண்டை போட்ட ஆங்கிலேயக் கப்பல் தலைவர்களே வந்து பார்த்துப் பாராட்டினார்கள். ஆனால் அந்தப் பையன்களை இறக்கிவிட்ட காரியத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. பசி என்பது காரணம், நியாயம் ஆகாது.

மேலதிகாரியைப் பற்றிக் கேட்டிருந்தாய். நாகப்பட்டினச் சண்டையில் செவேர் என்ற பிரெஞ்சுக் கப்பலின் தலைவர் பயந்துபோய்க் கொடியை இறக்கச் சொன்னார். கீழிருந்த அதிகாரிகள் கேட்கவில்லை. சுட்டுக்கொண்டே இருந்தார்கள், கப்பல் தப்பியது, தலைவரின் பதவி போயிற்று. இதைச் சொன்னதும் நீ முதல் வாரமே பெட்டி ஆபீசரை எதிர்த்துப் பேசப் போகிறாய் என்று பயமாக இருக்கிறது. அவர்கள் எதிர்த்துப் பேசவில்லை, தங்கள் வேலையை நிறுத்தவில்லை, அவ்வளவுதான். அந்த வித்தியாசம் புரிய உனக்குக் கொஞ்ச காலம் ஆகும்.

கடலூர்ச் சண்டைக்கு ஆள் போதாமல் பிரெஞ்சுக்காரர் கரையிலிருந்த படையிலிருந்து 1,200 பேரைக் கப்பலில் ஏற்றினார்கள், அவர்களில் சிப்பாய்களும் உண்டு. தரையில் கால் ஊன்றிச் சுடப் பழகியவனை ஆடுகிற தளத்தில் நிறுத்தினால் எப்படி இருந்திருக்கும்? ரத்தத்தில் வழுக்காமல் இருக்கத் தளத்தில் மணல் தூவுவது அந்தக் காலத்து வழக்கம். அந்த மணலில் நின்று சண்டை போட்டார்கள். இரண்டு பக்கமும் நூறு நூறு பேர் அளவில் செத்தார்கள். காயப்பட்டவர்கள் அதைப்போல ஏறத்தாழ நாலு மடங்கு.

சமாதானத்துக்கான முன் உடன்படிக்கை அந்த வருஷம் ஜனவரி 20-ஆம் தேதியே வெர்சாய் நகரில் கையெழுத்தாகிவிட்டது. சண்டைக்கு ஐந்து மாதம் முன்பு! செய்தி இந்தக் கரைக்கு வந்தது ஜூன் 29-ல், வெள்ளைக்கொடி கட்டிய ஒரு ஆங்கிலேயக் கப்பலில். சண்டை முடிந்து ஒன்பது நாள் கழித்து. முடிந்துபோன போரில் செத்தவர்கள் அவர்கள். இன்றைக்குச் செயற்கைக்கோள் இருக்கிறது, செய்தி நொடியில் வரும். ஆனால் கடலுக்குள் போனால் உன் போன் செத்துவிடும், வீட்டில் என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரியாது, நீ எங்கே இருக்கிறாய் என்று வீட்டுக்குச் சொல்லவும் கூடாது. அந்த இடைவெளியில் வதந்தி புகும். எவனாவது எதையாவது சொல்வான். நம்பித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

அக்னிவீரராக நாலு வருஷம் முடிந்ததும் நூற்றுக்கு 25 பேர் வரைதான் நிரந்தரமாக எடுப்பார்கள் என்பது திட்டம் தொடங்கியபோது போட்ட விதி. அதை மனசில் வைத்துப் படிப்பை விட்டுவிடாதே. மற்றபடி பெட்டியில் என்ன வைப்பது என்ற பட்டியல் எல்லாம் அவர்களே அனுப்புவார்கள், யூடியூப்பில் பார்த்து வாங்கி அக்கா காசைக் கரைக்காதே. நீச்சல் இன்னும் சரியாக வரவில்லை என்று கேள்விப்பட்டேன். ரயில் ஏற இன்னும் நாள் இருக்கிறது, தினம் காலையில் போய்ப் பழகு. மரக்காணம் கடலில் தனியாக இறங்காதே, அங்கே இழுப்பு அதிகம். வங்கிக் கணக்கில் அம்மாவை நாமினியாகப் போட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். சில்கா போய்ச் சேர்ந்ததும் முதல் போன் அவளுக்கு, எனக்கு ஒரு கடிதம் போதும்.

அன்புடன்,
மாமா