வீட்டில் வீடியோ பார்த்து உடற்பயிற்சி: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

2020 மார்ச் 20ஆம் திகதி இலங்கை முழுக்க ஊரடங்கு போட்டபோது மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்துக் காலை நடையும் நின்றுபோனது. மூன்று நாள் கழித்து இங்கிலாந்தில் ஜோ விக்ஸ் என்ற பயிற்சியாளர் தன் வீட்டுக்குள் நின்றபடி யூடியூப் நேரலையில் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். மறுநாள் ஒரே நேரத்தில் 955,185 வீடுகளில் அதைப் பார்த்தார்கள். கின்னஸ் சாதனையாகவும் பதிவானது. ஊரடங்கு போய்விட்டது, வீடியோப் பழக்கம் போகவில்லை. ஜிம்முக்குக் காசு கட்ட முடியாதவர்களுக்கும், கைக்குழந்தை உள்ளவர்களுக்கும், றோட்டில் ஓடக் கூச்சப்படும் பெண்களுக்கும் இது நல்ல வழிதான். ஆனால் திரையில் இருப்பவரை நீங்கள் பார்க்கிறீர்கள். அவர் உங்களைப் பார்க்கவில்லை. உங்கள் முழங்கால் உள்பக்கம் சரிவதோ, உங்களுக்குச் சீனி வருத்தம் இருப்பதோ அவருக்குத் தெரியாது. முதல் நாளே ஆவேசமாகக் குதித்து, நாரி பிடித்துக் கட்டிலோடு கிடந்தவர்களைக் கண்டிருக்கிறேன். ஆகவே இன்றைக்கு வீடியோவைப் போட முதல் இதைப் படித்துவிடுங்கள்.

செய்ய வேண்டியவை

- முதலில் சீனியையும் பிரஷரையும் பாருங்கள். 35 வயதைத் தாண்டியவர்களுக்கு அரச வைத்தியசாலைகளின் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களில் இதை இலவசமாகவே பார்த்துவிடுகிறார்கள். ஏற்கெனவே கிளினிக் போகிறவர் என்றால் அடுத்த முறை வைத்தியரிடம், "வீட்டில் உடற்பயிற்சி தொடங்கப்போகிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

- தேடும்போது "பிகினர்", "லோ இம்பெக்ட்" என்ற சொற்களையும் சேர்த்துப் போடுங்கள். குதிக்காமல் செய்யும் பயிற்சிகள் அப்போதுதான் முன்னுக்கு வரும். லெஸ்லி சான்சோனின் "வோக் அட் ஹோம்" வீடியோக்களில் நின்ற இடத்திலேயே நடந்தால் போதும். வயதானவர்களுக்குக் கதிரையில் இருந்து செய்யும் பயிற்சிகளை ஜோ விக்ஸும் போட்டிருக்கிறார்.

- வீடியோவை ஒருமுறை சும்மா இருந்து முழுவதும் பாருங்கள். நடுவில் என்ன வரப்போகிறது என்று தெரிந்தால், உங்களுக்கு ஒத்துவராததை விட்டுவிட்டு அந்த நேரத்தில் நடந்துகொண்டிருக்கலாம்.

- உங்கள் போனாலேயே உங்களைப் படமெடுங்கள். போனைப் பக்கவாட்டில் ஒரு கதிரையில் சாய்த்து வைத்து, ஐந்து தரம் குந்தி எழும்பிப் பாருங்கள். குதிக்கால் தரையை விட்டுக் கிளம்புகிறதா? முதுகு கூனுகிறதா? பிறகு முன்னால் வைத்து எடுங்கள்: முழங்கால்கள் ஒன்றை ஒன்று நோக்கி உள்ளே மடிகின்றனவா? மடிந்தால் அவ்வளவு ஆழமாகக் குந்தவேண்டாம்; பின்னால் ஒரு மரக் கதிரையை வைத்து, அதில் இருந்து இருந்து எழும்புங்கள். திரையிலுள்ளவரால் செய்ய முடியாத ஒரே வேலை உங்கள் பிழையைத் திருத்துவது. அதை இப்படித்தான் ஈடுகட்டலாம். பார்த்து முடிந்ததும் அந்தப் படத்தை அழித்துவிடுங்கள்.

- சப்பாத்துப் போடுங்கள். சீமெந்துத் தரை முழங்காலையும் குதிக்காலையும் அடித்துவிடும். சீனி வருத்தத்தால் பாதம் விறைத்தவர்கள் வெறுங்காலோடு நிற்கவே கூடாது; காயம் பட்டாலும் தெரியாது. முடிந்ததும் உள்ளங்காலைப் பார்க்கவும் மறக்காதீர்கள்.

- நேரத்தைக் காற்றைப் பார்த்து வையுங்கள். ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது சீற் போட்ட வீட்டுக்குள் பகலில் குதிப்பது ஆபத்து. விடிந்த கையோடு செய்யுங்கள், இல்லாவிட்டால் பொழுது பட்ட பிறகு. யன்னலைத் திறந்து, தண்ணீர்ப் போத்தலைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். தலை சுற்றினாலோ, குமட்டினாலோ நிறுத்துங்கள்.

- பேசிப் பார்த்து வேகத்தை அளவிடுங்கள். பேச முடியவேண்டும், பாட முடியாமல் இருக்கவேண்டும். அதுதான் நடுத்தர வேகம். 220இலிருந்து வயதைக் கழித்து இதயத் துடிப்பைக் கணக்கிடச் சொல்லும் வீடியோக்கள் உண்டு. பிரஷருக்கு அட்டெனொலோல் போன்ற மருந்து எடுப்பவர்களுக்கு அந்தக் கணக்குச் சரிவராது, ஏனென்றால் அந்த மருந்தே துடிப்பைக் குறைத்து வைத்திருக்கும்.

- கிழமைக் கணக்கு வையுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது: பெரியவர்களுக்குக் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் நடுத்தர வேகப் பயிற்சி, அதோடு இரண்டு நாளாவது தசைகளுக்கான பயிற்சி. ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம், ஐந்து நாள் என்றால் 150 வந்துவிடும். அந்த அரை மணியைப் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்தாலும் குறையில்லை.

- பாலத்து நடையை விட்டுவிடாதீர்கள். 2013இல் புதுப் பாலம் திறந்த பிறகு பழைய பாலம் நடக்கிறவர்களுக்கு நல்ல வசதி. வாடை மழை கொட்டும் நாட்களுக்கு வீடியோ, வெளித்த நாட்களுக்குப் பாலமோ கடற்கரையோ என்று வைத்துக்கொண்டால் சலிப்பும் வராது, டேட்டாவும் மிஞ்சும்.

செய்யக்கூடாதவை

- பன்பாயில் நின்று குதிக்காதீர்கள். மினுக்கிய சீமெந்திலும் டைல்ஸிலும் பாய் காலோடு வழுக்கிப்போகும். பாய் படுத்துச் செய்யும் பயிற்சிக்கு மட்டும். கடற்கரை வீடு என்றால் தரையில் மணல் எப்போதும் இருக்கும், கூட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

- பிளாஸ்டிக் கதிரையில் கையை ஊன்றிப் பயிற்சி செய்யாதீர்கள். உங்கள் பாரம் விளிம்பில் விழுந்ததும் கதிரை கவிழும். அடி நேரே முள்ளந்தண்டில் விழும். சுவரில் கை ஊன்றிச் செய்யுங்கள், இல்லாவிட்டால் சுவரோடு ஒட்டிய கட்டில் விளிம்பில்.

- நீள நைட்டியோடு செய்யாதீர்கள். கால் மாறும்போது தடக்கும்.

- பாரம் தூக்கும்போது மூச்சைப் பிடிக்காதீர்கள். பிரஷர் சட்டென்று ஏறும். ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணுங்கள், மூச்சு தானாக வெளியே போகும். தொடக்கத்துக்குத் தண்ணீர் நிரப்பிய ஒன்றரை லீட்டர்ப் போத்தல் போதும், அதுவே ஒன்றரைக் கிலோ.

- சீனி மருந்து போட்டுவிட்டு வெறுவயிற்றில் தொடங்காதீர்கள். இன்சுலின் ஏற்றுபவர்களுக்கும், கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் குளிசை எடுப்பவர்களுக்கும் சீனி திடீரென்று இறங்கலாம். கை நடுக்கம், குளிர் வியர்வை, கண் மங்கல் வந்தால் உடனே நிறுத்தி, மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். பக்கத்தில் யாராவது இருக்கும்போது செய்வதே நல்லது.

- "பத்து நாளில் வயிறு குறையும்" என்ற வீடியோக்களை நம்பாதீர்கள். வயிற்றுக்குப் பயிற்சி செய்தால் வயிற்றுத் தசைதான் பலப்படும். அந்த இடத்துக் கொழுப்பு மட்டும் தனியாகக் கரையாது. பிள்ளை பெற்ற தாய்மார் இதில் கூடுதல் கவனமாக இருங்கள். கர்ப்பத்தில் வயிற்றுத் தசைகள் நடுவால் விலகியிருக்கும். அது கூடிவர முன் படுத்து எழும்பும் பயிற்சியைச் செய்தால் விலகல் மோசமாகலாம். சிசேரியன் என்றால் இன்னும் பொறுக்கவேண்டும். மிட்வைஃபிடமோ கிளினிக் வைத்தியரிடமோ கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

- உடற்பயிற்சிக்காக யாருக்கும் கார்ட் இலக்கம் கொடுக்காதீர்கள். "ஏழு நாள் இலவசம்" என்று கார்டைக் கேட்கும் செயலி எட்டாம் நாள் காசு எடுக்கும். வீடியோவுக்குக் கீழே வட்ஸ்அப் இலக்கம் போட்டு உடம்பு மெலியும் பவுடர் விற்பவரிடமும் போகாதீர்கள். அதில் என்ன கலந்திருக்கிறது என்று உங்கள் வைத்தியருக்கே தெரியாது. ஓடிபி கேட்டால் பேச்சை அந்த இடத்திலேயே முடியுங்கள்.

- முன்பின் தெரியாதவர் நடத்தும் நேரலை வகுப்பில் கமராவைத் திறக்காதீர்கள். நீங்கள் வளைந்து நிமிர்வதை யார் பதிவு செய்கிறார்கள், எங்கே போடுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியவராது. தங்கச்சிமார், பிள்ளைகளிடமும் இதை இன்றைக்கே சொல்லிவையுங்கள்.

- வலியோடு முடிக்க நினைக்காதீர்கள். மறுநாள் தசை நோவது வழமை, இரண்டு மூன்று நாளில் போய்விடும். மூட்டுக்குள் குத்துவதும், நாரியிலிருந்து கால்வரை இழுப்பதும் அப்படியல்ல. அவற்றைக் காட்ட வைத்தியரிடம் போங்கள்.

- நெஞ்சு வலியை வாய்வு என்று தள்ளிவிடாதீர்கள். பயிற்சி நேரத்தில் நெஞ்சை அழுத்தினாலோ, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, காரணமில்லாமல் வியர்த்துக் கொட்டினாலோ, இஞ்சித் தேத்தண்ணி போட்டு நேரத்தைக் கடத்தவேண்டாம். இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்கு ஒரு சதமும் கட்டவேண்டியதில்லை.