குஞ்சு பொரியாத முட்டை

அடைக்கு வைத்த பன்னிரண்டு முட்டைகளில் நான்கு மட்டுமே பொரித்தால் வீட்டிலே என்ன சொல்வார்கள்? இடி இடித்தது என்பார்கள். இடி தாக்காதிருக்க வேண்டி அடைக்கூடையில் இரும்புத் துண்டும் அடுப்புக் கரியும் போட்டு வைப்பதும் உண்டு. இல்லையேல் கோழி ராசியில்லாதது என்று அதைச் சந்தைக்கு அனுப்பிவிடுவார்கள். அக்கோழி அதற்கு முன் என்ன தின்றது என்று கேட்பவர் அரிது.

பொரியாத முட்டைகள் இரு வகைப்படும். சேவலோடு சேராத பெட்டையும் முட்டையிடும். அதில் கரு இராது. கடையில் நாம் வாங்கும் பண்ணை முட்டைகள் பெரும்பாலும் இவ்வகையே. மற்றொரு வகையில் கரு உண்டு. ஆனால் அது வளரும்போதே இறந்துவிடுகிறது. அடை வைத்த ஏழாம் நாள் இரவில் முட்டையை டார்ச் விளக்கின்மேல் வைத்துப் பாருங்கள். கரு வளர்ந்தால் சிலந்தி வலைபோல் சிவந்த இரத்தக் குழாய்கள் தெரியும். சிவந்த வளையம் மட்டும் தெரிந்தால் கரு இறந்துவிட்டது என்று பொருள். ஒன்றுமே இல்லாமல் தெளிவாக இருப்பவை பெரும்பாலும் கருக் கூடாதவை. அவற்றுக்குச் சேவலைக் கவனிக்க வேண்டும். பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். கரு இறந்த முட்டைகள் பல இருந்தால், தாயின் தீனியையும் கவனிக்க வேண்டும்.

ஆட்டுக்குட்டி, தாயின் வயிற்றிலிருக்கும்போது நாள்தோறும் தாயின் இரத்தத்திலிருந்து உணவைப் பெறுகிறது. கோழிக்குஞ்சுக்கு அந்த வசதி இல்லை. முட்டை என்பது தாய் கட்டிக் கொடுத்தனுப்பிய கட்டுச்சோறு. 21 நாட்களுக்கு வேண்டியவை யாவும் அதற்குள்ளேயே இருக்க வேண்டும். காற்று ஒன்றுதான் ஓட்டின் நுண்துளைகள் வழியே உள்ளே போகும். அடை கிடக்கும் கோழிக்கு எவ்வளவு நல்ல தீனி போட்டாலும் அம்முட்டைகளுக்கு அதில் ஒரு துளியும் சேராது.

வியப்பு என்னவெனில், தாய்க்கு உயிர்ச்சத்து குறைந்தவுடன் அது முட்டையிடுவதை நிறுத்துவதில்லை. முட்டையும் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். உதாரணமாக, ரிபோஃபிளேவின் என்னும் பி2 உயிர்ச்சத்தை எடுத்துக்கொள்வோம். முட்டையின் வெள்ளைக்கருவை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றினால் இலேசான பச்சை கலந்த மஞ்சள் நிறம் தெரியும். அது இச்சத்தின் நிறமே. (அம்மா ஆம்லெட் போடுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்!) தாயின் தீனியில் இது இல்லாவிடில் இரண்டொரு வாரத்திலேயே முட்டையிலும் குறைந்துவிடும். கரு ஏறத்தாழ நடுநாட்களில் இறக்கும். அவ்வாறு இறந்த குஞ்சின் தூவி விரியாமல் முடிச்சு முடிச்சாகச் சுருண்டிருக்கும்.

ஈ உயிர்ச்சத்தின் கதை எலியில் தொடங்கியது. 1922-இல் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹெர்பர்ட் எவான்ஸும் காதரின் பிஷப் என்ற பெண் மருத்துவரும், ஒருவகை உணவு தின்ற எலிகள் கருவுற்றும் குட்டி ஈனாமல் போவதைக் கண்டனர். கீரையும் கோதுமை முளையும் கொடுத்தபோது அக்குறை நீங்கியது. அச்சத்துக்குப் பின்னர் இடப்பட்ட 'டோக்கோஃபெரால்' என்ற பெயர், மகப்பேறு என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கோழியில் இச்சத்து குறைந்தால் கரு முதல் சில நாட்களிலேயே இறந்துவிடும். நெடுநாள் குறைந்தால் சேவலின் விந்தும் கெடும். சிக்குப் பிடித்த பழைய தவிட்டில் இச்சத்து அழிந்துபோகிறது.

எங்கள் தெருவில் ஓர் அம்மாள் குஞ்சு விற்றுத்தான் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்குகிறார். வீடு மாறி வந்தபின், தரையில் மேய்ந்த கோழிகளை மொட்டை மாடியில் கம்பி வலைக் கூண்டில் அடைத்து, நொய் மட்டும் போட்டு வளர்த்தார். முட்டை வந்தது, குஞ்சு வரவில்லை. இரண்டு கோழிகளை விற்றும்விட்டார்.

தரையில் கோழிக்கு என்ன கிடைத்தது? குப்பைமேடு கிடைத்தது. புழு, கறையான், பச்சிலை, அவற்றோடு மாட்டுச் சாணமும். 1940-களில் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆராய்ச்சி நிலையத்தில் கோழிகளுக்குச் சோயா போன்ற தாவரப் புரதத்தை மட்டும் கொடுத்தபோது குஞ்சு பொரிப்பது குறைந்தது. உலர்த்திய மாட்டுச் சாணத்தைத் தீனியில் கலந்தபோது குஞ்சுகள் நன்றாக வளர்ந்தன! சாணத்தில் இருந்தது, நுண்ணுயிர்கள் உண்டாக்கும் பி12. தாவரங்களில் இது இல்லை. மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் கோழியியல் துறையிலிருந்த மேரி ஷார்ப் என்ற அம்மையார் இச்சத்தைக் கண்டறிய ஒரு பாக்டீரியாச் சோதனையை வகுத்தார். அதன் துணையால் 1948-இல் பி12 சிவந்த படிகமாகப் பிரித்தெடுக்கப்பட்டது. மனிதரின் கொடிய இரத்தசோகை ஒன்றுக்கும் அதுவே மருந்தாயிற்று. அதன் அமைப்பைக் கண்டறிந்த டாரதி ஹாட்ஜ்கின் அம்மையார் 1964-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்.

இதைப் படித்துவிட்டுக் கோழிக்குச் சாணம் ஊட்ட வேண்டாம். சாணத்தில் பூச்சியும் நோயும் உண்டு. கருவாட்டுத் தூளோ மீன் கழிவோ சிறிது கலந்தால் பி12 கிடைக்கும். முருங்கை, அகத்தி இலைகளில் ஏ உண்டு. மோரில் பி2 உண்டு. முட்டை ஓடு உறுதியாவதற்குச் சுண்ணாம்புச் சத்தும் டி-யும் தேவை. டி-க்கு வெயில் செலவில்லாத வழி. கடையில் விற்கும் உயிர்ச்சத்து மருந்தை அளவு மீறி ஊற்றுவதும் தவறு. ஏ, டி போன்ற கொழுப்பில் கரைபவை உடலில் தங்கித் தீங்கு செய்யும். முட்டைக்கோழித் தீனி வேறு, குஞ்சுக்கென முட்டையிடும் தாய்க்கோழித் தீனி வேறு என்பதைப் பைச்சீட்டைப் படித்து வாங்க வேண்டும்.

அந்த அம்மாளிடம் இவற்றைச் சொன்னேன். இப்போது கீரைக்கடையில் ஒதுக்கும் தண்டுகளைக் கேட்டு வாங்கிவந்து போடுகிறார். கோழிகளை மாலையில் கீழே இறக்கிவிடுகிறார். தீனியை மாற்றி மூன்று வாரம் கழிந்த பின்னரே அடைக்கு முட்டை சேர்க்க வேண்டும்; அதுவரை இடும் முட்டைகள் சமையலுக்குத்தான்.