தண்டவாளத்தின் எதிரொலி

நம்மில் பலர் ஆண்டுக்கு ஒரு முறையாவது தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ ஜி.டி.யிலோ ஊருக்குப் போய் வருகிறவர்கள். தில்லியிலிருந்து சென்னைக்குச் சுமார் 2,200 கிலோமீட்டர். அவ்வளவு தூரமும் நம்மைச் சுமக்கும் தண்டவாளத்தின் உள்ளே விரிசல் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஒலியைக் கொண்டுதான் அறிய வேண்டும். அந்தச் சோதனைப் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சில செய்திகளைச் சொல்கிறேன்.

மண்பானை வாங்கும்போது சுண்டிப் பார்க்கிறோம். கீறல் இருந்தால் ஓசை மாறிவிடும். தண்டவாளத்துக்கு இது போதாது. 1,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எஃகில் ஏறத்தாழ 6 மீட்டர். அத்தனை நீளமான அலைக்குச் சிறு விரிசல் ஒரு பொருட்டே அல்ல. நம் காதுக்கு எட்டும் எல்லை 20,000 ஹெர்ட்ஸ். நாங்கள் பயன்படுத்தியதோ 20 லட்சம் ஹெர்ட்ஸும் அதற்கு மேலும். அங்கே அலைநீளம் 3 மில்லிமீட்டர்தான். இதுவே மீயொலி.

இதை உண்டாக்குவது எப்படி? சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் தோன்றும் என்று 1880-இல் கியூரி சகோதரர்கள் கண்டனர். மின்சாரம் செலுத்தினால் அதே படிகம் அதிரும். முதல் உலகப் போரின்போது பிரான்சில் பால் லாஞ்செவின் இதைக் கொண்டு நீர்மூழ்கிக் கப்பலைத் தேடினார். உலோகத்தின் குறையை இப்படி அறியலாம் என்று 1928-இல் சோவியத் அறிஞர் சோகோலோவ் கூறினார்.

எங்கள் தள்ளுவண்டியின் அடியில் இத்தகைய படிகங்கள் இருக்கும். இடையில் காற்று இருந்தால் ஒலி எஃகுக்குள் நுழையாது. எனவே தண்ணீர் விட்டுக்கொண்டே செல்வோம். 172 மில்லிமீட்டர் உயரமுள்ள தண்டவாளத்தின் அடியைத் தொட்டு எதிரொலி திரும்ப, ஒரு நொடியை 10 லட்சமாகப் பிரித்தால் அதில் 58 பங்கு நேரம் ஆகும். அதற்கு முன்பே எதிரொலி வந்தால் நடுவில் ஏதோ தடுக்கிறது என்று பொருள்.

ஆனால் செங்குத்தாக நிற்கும் விரிசல், நேர் கீழே செல்லும் ஒலிக்கு முகம் காட்டாது. அதனால்தான் 70 டிகிரி சாய்வாகவும் ஒலியை அனுப்புகிறோம்.

ஒரு டிசம்பர் காலை. நேர் ஒலியில் குறை ஏதும் இல்லை. சாய்ந்த ஒலி மட்டும் திரையில் எதிரொலியைக் காட்டியது. தண்டவாளத்தின் மேல்பரப்போ பளபளவென்று இருந்தது. "இதையா மாற்றச் சொல்கிறீர்கள்?" என்றார் உடன் வந்தவர். எனக்கும் உள்ளூரத் தயக்கம்தான். ஆனாலும் மாற்றச் சொன்னேன். பிறகு அதை உடைத்துப் பார்த்தபோது, தலைப்பகுதியின் உள்ளே சிறுநீரக வடிவில், ஐம்பது காசு அளவில் ஒரு விரிசல். குளிரில் எஃகு சுருங்கி இழுக்கும் இரவுகளில்தான் இத்தகைய இடங்கள் முறியும்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, தண்டவாளத்தின் மேல் சிறு வண்டியைத் தள்ளிக்கொண்டு தலைகுனிந்து நடப்பவர்களைக் கண்டால், அவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள்.