சுண்ணாம்பு மண்ணில் வெண்டைக்கு உரம்

கேள்வி: ரெட்டிபாளையம் பக்கம் வெண்டைக்கு ரசாயன உரம் எவ்வளவு இடலாம்? உரம் கூடினால் காய் கூடுமா?

பதில்: தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைப்படி, ரக வெண்டைக்கு ஹெக்டேருக்கு 25 டன் தொழுவுரத்துடன் தழை 20, மணி 50, சாம்பல் 30 கிலோ அடியுரம், 30ஆம் நாள் இன்னும் 20 கிலோ தழை மேலுரம். ஏக்கர்க் கணக்கில் அடியுரம் சுமார் 18 கிலோ யூரியா, 125 கிலோ சூப்பர் பாஸ்பேட், 20 கிலோ பொட்டாஷ். வீரிய ஒட்டு வெண்டைக்கு அளவு இதைவிட அதிகம்.

தழைச்சத்துதான் செடியை உயர்த்தி, இலையைப் பெருக்கி, காய் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. அளவு மீறினால் இலை கொழுத்து, பூ தள்ளிப்போகும். தத்துப்பூச்சியும் அசுவினியும் தேடி வரும்.

ரெட்டிபாளையம் இருக்கும் அரியலூர் வட்டாரம் சுண்ணாம்புக்கல்லுக்குப் பேர்போனது. அங்கே சிமென்ட் ஆலையே இருக்கிறது. சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் யூரியாவை மேலாகத் தூவினால் ஒரு பகுதி காற்றுக்குத்தான். தூவாமல் செடியோரம் இட்டு மண் அணைத்து, உடனே தண்ணீர் பாய்ச்ச வேண்டும். சூப்பரும் மண்ணில் பிடிபட்டுவிடும் என்பதால், மக்கிய தொழுவுரத்தோடு கலந்து பாரில் வைப்பதே நல்லது.

இத்தகைய மண்ணில் இரும்புச்சத்தும் செடிக்கு எட்டாது. இளம் இலையில் நரம்பு பச்சையாக, இடைப்பகுதி மஞ்சளாக இருந்தால் அது இரும்புக் குறை. அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைசல் தெளித்தால் தேறும். நரம்பே மஞ்சளாக ஓடினால் அது வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோய். அதற்கு எந்த உரமும் மருந்தாகாது.