கூத்துக்கு ஊராட்சியின் துணை

தெருக்கூத்தை ஓர் ஊர் தனியாகக் காப்பாற்றிவிட முடியாதென்பதும், பல ஊர்கள் கூடி ஆண்டு முழுவதும் ஆட்டம் கொடுத்தாலன்றிக் கலைஞன் அதை நம்பி ஜீவிக்க இயலாதென்பதும், செய்யாறு, வந்தவாசிப் பக்கத்து ஜமாக்கள் எனப்படும் கூத்துக் குழுக்களோடும் ஊராட்சிகளோடும் நெடுங்காலம் பழகியதில் எனக்கு உறுதிப்பட்ட அபிப்பிராயங்கள். பங்குனியில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் தொடங்கிவிட்டால், ஒரே இரவுக்கு மூன்று ஊர்க்காரர்கள் தாம்பூலத்தோடு வந்து நிற்பார்கள். ஆடி கழிந்து புரட்டாசி பிறந்தாலோ, அர்ச்சுனன் வேஷம் கட்டியவர் கரும்பு வெட்டப் போய்விடுவார்.

இந்த ஏற்றத்தாழ்வைச் சமன் செய்ய ஊராட்சியைவிடத் தகுந்த துணை இல்லை. அரசியலமைப்பின் 11ஆம் அட்டவணை ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்கவையாகக் குறிக்கும் 29 விஷயங்களுள் 21ஆவது பண்பாட்டு நடவடிக்கைகளே. ஆகையால் தலைவரைப் பார்க்கப் போகிறவர் யாசகரைப்போல் நிற்க வேண்டுவதில்லை.

ஆனால் முதலில் பணம் கேட்காதீர்கள். குடிநீருக்கும் தெருவிளக்குக்குமே போதாத நிதியில் கூத்துக்குப் பங்கு கேட்டால், நல்ல மனமுள்ள தலைவரும் சங்கடப்படுவார். திடல், விளக்கு, தண்ணீர், மறுநாள் துப்புரவு, வேஷம் கட்ட ஒரு கூரை ஆகியவற்றைக் கேளுங்கள். கூரையை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. முகத்தில் அரிதாரம் எழுதி, மார்புப் பதக்கமும் புஜக்கட்டைகளும் கிரீடமும் கட்டி முடிக்கச் சில மணி நேரம் செல்லும். அதற்குள் ஒரு தூறல் விழுந்தால், கட்டையின்மேல் ஒட்டிய ஜிகினாத்தாள் ஊறிக் கண்ணாடிச் சில்லுகள் ஒவ்வொன்றாய் உதிர்ந்துவிடும். பள்ளிக்கூடத்தில் ஓர் அறையை ஓர் இரவுக்குத் திறந்துவிடச் செய்வது, ரொக்கமாகக் கொடுக்கும் நன்கொடையினும் பெரிய உபகாரம்.

அடுத்தபடியாக, எந்த ஊரில் எந்த இரவு எந்த ஜமா ஆடுகிறது என்று ஒன்றியத்து ஊராட்சிகள் அனைத்துக்கும் பொதுவான ஒரு நோட்டு வேண்டும். மோதுகிற இரவுகளைப் பேசி மாற்றுவதும், வேலையில்லாத மாதங்களில் பொங்கல், சுதந்திர தினம், பள்ளி விழா என்று ஆட்டங்களைப் பகிர்ந்து வைப்பதும் அந்த நோட்டினால்தான் கைகூடும்.

தலைவர் வாய்மொழியாகத் தரும் சம்மதத்தோடு திருப்தியடையாமல், கிராம சபையில் தீர்மானமாக ஏற்றிவிடுவது மிகவும் அவசியம். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபின், 2019 டிசம்பரில் தேர்தல் வரும்வரை எங்கள் ஊராட்சிகளைத் தனி அலுவலர்களே நிர்வகித்தார்கள். தலைவரின் சிநேகத்தை மாத்திரம் நம்பியிருந்த ஊர்களில் அந்தக் காலத்தில் எல்லாம் நின்றுபோயின. தீர்மானப் புத்தகத்தில் ஏறியிருந்த ஊர்களிலோ, ஊராட்சிச் செயலர் அந்தப் பக்கத்தைப் பிரித்து அலுவலரிடம் காட்டியதே போதுமானதாயிற்று. 2025 ஜனவரியில் மீண்டும் தனி அலுவலர்கள் வந்தபோதும் அந்தப் புத்தகங்களே துணை நின்றன. செயலரை மதித்துப் பழகுங்கள். தலைவர்கள் மாறினாலும் புத்தகம் அவர் கையில்தான் இருக்கும்.

ஒரு விஷயத்தில் நான் சமரசத்துக்கு இணங்குவதில்லை. கோயில் விழா, அதற்கு வரி கொடுத்தவர்களுடையது. ஊராட்சி நடத்தும் ஆட்டமோ ஊரார் அனைவருக்கும் சொந்தம். ஆதலால் காலனித் தெருவிலும் கூத்து நடக்க வேண்டும்; காலனி ஜமாவுக்கும் ஊர்த்திடலில் ஓர் இரவு தர வேண்டும். இதைத் தீர்மானத்திலேயே எழுதிவிட்டால், பிற்பாடு எழும் முணுமுணுப்புக்குப் பதில் தயாராக இருக்கும்.

சம்பள விஷயமும் அப்படியே. ஊராட்சி அலுவலகம் பின்னர் ஏதேனும் பணம் தர இசைந்தாலும், அது எப்போது வருமென்று சொல்வதற்கில்லை. ஆகவே அதைப் பந்தலுக்கும் விளக்குக்கும் ஒதுக்கிவிட்டு, ஊர் வசூலைக் கலைஞர்களுக்கென்று தனியே வைத்திருந்து, விடியற்காலையில் மங்களம் பாடி முடிந்தவுடன், அரிதாரம் கலைப்பதற்கு முன்பே, வாத்தியார் முதல் முகவீணைக்காரர்வரை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துவிடுங்கள்.